வராதவர்களுக்குக் கேட்ட பாட்டு

நடுவோடை என்று ஓர் ஊர். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் ஐஸ் கம்பெனி, மூன்றாவது பக்கம் கடல், நாலாவது பக்கம் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அந்த ஊரில் முதலில் ஒரே ஒரு மைக் செட்டுக் கடை இருந்தது, பிறகு இரண்டு இருந்தன, பிறகு மறுபடியும் ஒன்றாகிவிட்டது, இத்தனைக்கும் காரணம் போகக் கூடாத ஒரு திருகின்மேல் ஒரு கை போனதுதான்.

திருகு இருந்தது கோயில்பிள்ளையின் ஆம்ப்ளிஃபயரில். கை அவர் மனைவி ரெத்தினபாயின் தம்பி ஞானராஜுடையது. பதினாலு வருஷத்துக்கு முன்னால், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில், சபை விருந்தான அசனச் சோறு அண்டா அண்டாவாக இறங்கிக்கொண்டிருக்க, பனைமரத்தில் கட்டிய நாலு குழாயும் நாலு திசைக்கும் பாடிக்கொண்டிருக்க, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஞானராஜ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் நேரே வந்து, "அத்தான், காது கிழியுது" என்று சொல்லி, அந்தச் சாம்பார்க் கையாலேயே சத்தத்தை இரண்டு கோடு குறைத்துவிட்டான். சபை முழுக்கப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த இரண்டு பேரும் செத்துப்போனார்கள், ஆனாலும் கோயில்பிள்ளை அவர்கள் இருவரையும் இன்னும் மன்னிக்கவில்லை.

மைக் செட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் கூட என்று சொல்லலாம், கெஞ்சலாம், திட்டலாம், கோபம் மீறினால் ஒயரைப் பிடுங்கிக்கூடப் போடலாம். திருகில் மட்டும் கை வைக்கக் கூடாது. திருகு செட்டுக்காரனுக்கு உரியது. மாப்பிள்ளையின் தகப்பனாரே வந்தாலும் ஓர் அடி தள்ளி நின்று கைகாட்டித்தான் சொல்ல வேண்டும். இது தெரியாத ஆள் யாரும் நடுவோடையில் கிடையாது, ஞானராஜுக்கும் தெரியும். தெரிந்தும் வைத்தான் என்பதுதான் விஷயம்.

கோயில்பிள்ளை அன்றைக்கே குழாய்களை அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இனி அவன் இருக்கிற இடத்துல நான் இருக்கமாட்டேன்" என்றார். ஞானராஜ் அடுத்த வருஷமே சொந்தமாக ஒரு செட்டு வாங்கினான். கோயில்பிள்ளையின் கடைக்குப் பெயர் பெத்லகேம் சவுண்ட் சர்வீஸ் என்பதால் தன் கடைக்கு நியூ பெத்லகேம் சவுண்ட்ஸ் என்று பெயர் எழுதினான். ஊருக்கும் புதுசு பிடித்துவிட்டது. எந்த விசேஷம் என்றாலும் ஞானராஜ் செட்டு என்று ஆனபிறகு, கோயில்பிள்ளை எந்த விசேஷத்துக்கும் போகாத மனிதர் என்று ஆனார். கல்யாணத்துக்குப் போவதில்லை, காதுகுத்துக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போவதில்லை. சாவு வீட்டுக்கு மட்டும் தவறாமல் போவார், அந்த ஊரில் சாவு வீட்டில் மைக் கட்டுகிற வழக்கம் இல்லை. கடையில் மிக்ஸியும் மின்விசிறியும் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு குழாயும் உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கின, அவற்றில் ஒன்றில் சிட்டுக்குருவி குடும்பம் நடத்தியது.

இந்த மனிதருக்கு ஒரே மகள், பியூலா. அவளுக்குச் சத்தத்தில் பயம் கிடையாது. கிட்டார் வாசிக்கிற ஐஸ் கம்பெனி ஆல்வின், பேஸ் கிட்டார் வாசிக்கிற உப்பள மேஸ்திரி மகன் இசக்கிராஜா, டிரம்ஸ் அடிக்கிற கருவாட்டுக் கடை மொய்தீன், இவர்களோடு சேர்ந்து நண்டுக்கால் என்று ஒரு ராக் பாண்டு வைத்து, திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள காலேஜ்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பாடி வந்தாள். கூப்பிட்ட இடத்தில் எல்லாம் இருக்கிற பெட்டியில் பாட வேண்டும், ஓரிடத்தில் குரல் தகரத்தில் அடித்ததுபோல வரும், ஓரிடத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சொந்தமாக ஒரு செட்டு வாங்கிவிட வேண்டும் என்று நாலு பேரும் முடிவெடுத்தார்கள். என்ன செட்டு என்பதில்தான் நாலு பேருக்கும் நாலு வாய். ஆல்வினுக்கு வாட்ஸ் பெரிசாக வேண்டும். மொய்தீனுக்கு டிரம்ஸ் அடித்தால் கேட்கிறவன் நெஞ்சில் இடிக்க வேண்டும். தூக்கிச் சுமப்பவன் தான்தான் என்பதால் இசக்கிராஜாவுக்குப் பெட்டி கனமில்லாமல் இருந்தால் போதும். பியூலா ஒன்றுதான் கேட்டாள், தான் பாடுவது தனக்குக் கேட்க வேண்டும்.

இந்தப் பேச்சு வீட்டுக் கூடத்தில் நடக்கும்போதெல்லாம் கோயில்பிள்ளை சுவருக்கு அந்தப்புறம் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார். அவரிடம் பதில் தயாராக இருந்தது. பெட்டி மரத்தில் இருக்க வேண்டும். எழுதியிருக்கிற வாட்ஸில் பாதியை நம்ப வேண்டும். மிக்ஸர் சின்னது போதும். ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டியைப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து வாங்கக் கூடாது, பாட விட்டு, அது சாகிற தூரம் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் காலத்தில் குழாய் கட்டியதே பந்தலில் உட்கார்ந்திருப்பவனுக்காக இல்லை, வராதவனுக்காக. வீட்டில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறவன் காதில் போய் விழுந்தால்தான் அது செட்டு. ஆனால் கேட்காமல் எப்படிச் சொல்வது? ஒரு வாரம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் பியூலா வரத்தான் செய்தாள்.

"அப்பா, செட்டு வாங்குனா கச்சேரிக்கு வருவியளா?"

"மிக்ஸர்ல யாரு உக்காருவா?"

"மாமாதான். ஊர்ல வேற யாரு இருக்கா?"

"அப்ப எதுக்கு என்கிட்ட கேக்க? உங்க மாமன்கிட்டயே கேட்டு வாங்கு. நல்லாத்தான் திருகுவான்."

அவளும் அவர் மகள்தானே. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞானராஜோடு துறைமுகத்துக்குப் போனார்கள். உடைக்கப்போகிற ஏதோ ஒரு கப்பலில் ஆட்டம்பாட்டம் நடத்தியவர்களின் சாமான் ஏலத்தில் வந்திருந்தது. கருப்பாக, ஆளுயரத்தில், இரண்டு பெட்டி. துறைமுகத்துக்குள் சத்தம் போட்டுப் பார்க்க அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மின்சாரம் கொடுத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது, ஞானராஜ் பெட்டியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "கல்லு மாதிரி இருக்கு" என்றான். வாங்கிவிட்டார்கள்.

"பச்சை லைட்டப் பாத்து வாங்கியிருக்கானா?" என்று கோயில்பிள்ளை வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "எழுதி வச்சுக்கோ ரெத்தினம். மைதானத்துல ஒரு பொட்டு சத்தம் வராது."

"வாயக் கழுவுங்க. உங்க மக பாடப்போறா" என்றாள் ரெத்தினபாய். அதற்குள் அவர் அதைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, உப்புத் தொழிலாளர் சங்க மைதானத்தில் முதல் கச்சேரி. லாரி பாலத்தில் நின்றுபோனதால் பெட்டிகள் வந்து சேரவே நேரமாகிவிட்டது, சோதித்துப் பார்க்க அவகாசமில்லை, இருந்தாலும் பச்சை விளக்கு எரிந்தது. ஊரே வந்திருந்தது. பியூலா மைக்கைப் பிடித்தாள், ஆல்வின் கிட்டாரில் ஓர் இழுப்பு இழுத்தான், மொய்தீன் இரண்டு கையையும் ஓங்கி அடித்தான், மைதானத்தில் ஒரு பொட்டு சத்தம் வரவில்லை. டிரம்ஸில் குச்சி விழுவதுகூடப் பஞ்சு மூட்டையில் விழுவதுபோல இருந்தது. அந்தக் கருப்புப் பெட்டிகள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சும்மா நின்றன. பியூலாவின் வாய் திறந்து மூடுவதையும், கழுத்து நரம்பு புடைப்பதையும், ஞானராஜ் திருகுகளை மேலும் கீழுமாகத் திருகி வியர்ப்பதையும் ஜனங்கள் முக்கால் மணி நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கைதட்டினார்கள். கைதட்டல் நன்றாகக் கேட்டது.

அதே நேரத்தில், மூன்று தெரு தள்ளி, கடையில் ஒரு மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து வைத்து அடித் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கோயில்பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் அவர் மகள் வந்து நின்று பாடினாள்.

*எடுத்த தண்ணிய கடலு கேக்குது,*
*என்னத்தச் சொல்ல, நான் என்னத்தச் சொல்ல...*

அவர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. குழாய்களைப் பார்த்தார், அவற்றுக்கு ஒயரே கிடையாது. ஆனால் பாட்டு இருந்தது, கிட்டார் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தது, டிரம்ஸ் அவர் நெஞ்சில் இடித்தது. நாற்பது வருஷம் சத்தத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர், இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது, உதட்டை ஈரப்படுத்துவதுகூடக் கேட்டது. கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே இருக்க, முக்கால் மணி நேரமும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கச்சேரி முடிந்ததும் ஜனங்கள் நேரே அவர் கடைக்குத்தான் வந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க சொன்னது சொன்னபடி. ஒரு பொட்டு சத்தம் வரல" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பதினாலு வருஷமாக அவர் காத்திருந்த குலுக்கல் அது. வாயைத் திறந்தால் தான் கேட்டதைச் சொல்ல வேண்டும், கேட்டதைச் சொன்னால் ஞானராஜ் வாங்கிய பெட்டி நல்ல பெட்டி என்று ஆகிவிடும். "நான்தான் சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டு, கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

ஆனால் கேட்டது அவர் ஒருவருக்கு மட்டும் இல்லை. காய்ச்சலில் படுத்திருந்த தபால்காரருக்குக் கேட்டிருந்தது. வங்கி வாசலில் காவலுக்கு நின்ற செக்யூரிட்டிக்குக் கேட்டிருந்தது. புதுச் சேலை எடுத்துத் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு போகாமலிருந்த மூன்று பெண்களுக்கு, மூன்று வீட்டிலும், மூன்று பேர் காதிலும் கேட்டிருந்தது. இரண்டாவது கச்சேரியில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. வந்தவர்களுக்குக் கேட்காது. ஊருக்குள் இருந்துகொண்டு வராதவர்களுக்குக் கேட்கும். டீக்கடை வரைக்கும் போனால் போதுமா, வீட்டுக்கே போக வேண்டுமா என்று சிலர் நடந்து பார்த்தார்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வேப்பமரத்து முக்கைத் தாண்டியதும் பாட்டு தொடங்கியது. மைதானத்துச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, பெட்டி அவர்களையும் வந்தவர்களாகவே எடுத்துக்கொண்டது. ஏன் இப்படி என்று ஐஸ் கம்பெனி இன்ஜினியர் ஒருநாள் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மூடிவிட்டார். நடுவோடைக்கும் அதற்குமேல் தெரிந்துகொள்ள அவசியம் இருக்கவில்லை. பஸ் ஏன் வரவில்லை என்றும் அந்த ஊர் கேட்டதில்லை.

ஊர் ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டது. நண்டுக்கால் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அந்தப் பெட்டியை வாடகைக்குக் கேட்டார்கள். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராத பெரியப்பாவின் காதில் தாலி கட்டுகிற கெட்டிமேளம் போய் விழுந்தது, காதைப் பொத்தினாலும் விழுந்தது, அவர் பந்தி முடிவதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து ஆசீர்வாதம் பண்ணினார். ஒரு கட்சிக் கூட்டத்துக்குப் பெட்டி போனது. லாரியில் கூட்டிவந்து பிரியாணி கொடுத்து உட்கார வைத்தவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள்தான் தத்தம் வீட்டில் இரண்டு மணி நேரம் முழுப் பேச்சையும் கேட்டு அல்லல்பட்டார்கள்.

எல்லோரையும்விட அதிகம் பலனடைந்தவர் போதகர். வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்காத ஆட்களின் பட்டியல் அவர் மனசில் இருந்தது. பெட்டியை ஆலயத்தில் வைத்தார். அன்றைக்கு ஆலயத்துக்கு வராத நூற்றிருபது பேர் காதில், போர்வைக்குள்ளே, நோவா பேழைக்குள் ஏற்றிய மிருகங்களை ஜோடி ஜோடியாக அவர் எண்ணினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் உட்கார இடமில்லை. பிரசங்கம் கேட்காமலிருக்க வேண்டுமென்றால் பிரசங்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சபையார் புரிந்துகொண்டார்கள். போதகர் வாயசைக்க, அமைதியான முகங்களோடு தலையாட்டினார்கள். அவர் வாழ்நாளில் அவ்வளவு தலையாட்டலைப் பார்த்ததில்லை.

கோயில்பிள்ளை மட்டும் தலையாட்டப் போகவில்லை. நோவாவின் மிருகங்களை அவர் மூன்று முறை முழுசாகக் கேட்டார். ஆனால் மகள் கச்சேரி நாளில் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் போட்டு, எல்லா மின்விசிறியையும் நிறுத்திவிடுவார். ரெத்தினபாய் எந்தக் கச்சேரிக்கும் போகாமலிருந்ததில்லை, அதனால் அந்தப் பெட்டியில் மகள் பாடி அவள் ஒரு பாட்டும் கேட்டதில்லை. திரும்பி வந்து, "மூணாவது பாட்டுல பச்சைத் தாவணி மாதிரி ஒண்ண இடுப்புல கட்டிக்கிட்டு ஆடுனா" என்பாள். இவர், "அப்படியா" என்பார். மூன்றாவது பாட்டு, 'போயிட்டு வாறேன்' என்று சொல்லிப் போன ஒரு படகைப் பற்றியது. அதில் ஓரிடத்தில் பியூலாவின் குரல் உச்சிக்கு ஏறி அங்கேயே கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு இறங்கும். அது இவருக்குத் தெரியும், ரெத்தினபாய்க்குத் தெரியாது. ஒரு வீட்டில் ஒருத்தருக்குக் கண், ஒருத்தருக்குக் காது என்று பாகம் பிரிந்தாகிவிட்டது, இதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நண்டுக்காலின் பெயர் பரவியது, மைதானம் காலியானது. முதல் கச்சேரிக்கு ஆயிரம் பேர், நாலாவதுக்கு இருநூறு, ஏழாவதுக்கு ரெத்தினபாயும், நாற்காலி வாடகைக்காரரும், இரண்டு நாயும். பாட்டு பிரமாதம் என்று ஊரெல்லாம் பியூலாவை வழியில் நிறுத்திச் சொன்னார்கள். "நேத்து எம்மா பாடுன தாயி! நான் மீன் கழுவிக்கிட்டே கேட்டேன்." "உன் குரலக் கேட்டுத்தான் எம்புள்ள சோறு திங்குதான்." அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். பெட்டி மேடையில் நிற்கிறவர்களையும் வந்தவர்களில்தான் சேர்த்திருந்தது. தான் பாடுவது தனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னவளுக்குத் தான் பாடியது ஒரு நாளும் கேட்கவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு இறங்கி வருவாள்.

பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை பதினோரு மணிக்கு, கடை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா."

"ம்."

"செட்டு விஷயமா ஒண்ணு கேக்கணும்."

கோயில்பிள்ளை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கேளு" என்றார்.

"பசங்க ரெண்டு பக்கமா நிக்கானுவ. இந்தப் பொட்டிதான் பேரு வாங்கித் தந்துச்சு, இதையே வச்சுக்கலாம்னு ஆல்வின் சொல்லுதான். எல்லாரு கிட்ட இருக்கிற மாதிரி ஒரு சாதாரணப் பொட்டி எடுத்துட்டு இதத் தூக்கிப் போடணும்னு மொய்தீன் சொல்லுதான். மாமாவுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க. எந்த செட்டு?"

இந்தக் கேள்விக்கான பதில் அவரிடம் ஒரு வருஷமாகத் துடைத்துத் தயாராக இருந்தது. மரப்பெட்டி, சின்ன மிக்ஸர், நல்ல ஒயர். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். சாதாரணப் பெட்டி வந்தால் அது இருக்கிற இடத்தில்தான் பாடும், அங்கே ஞானராஜ் இருப்பான், சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மின்விசிறி மட்டும்தான் கேட்கும் என்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தோன்றிவிட்டது.

"இதையே வச்சுக்கோ" என்றார். "இந்த மாதிரி பொட்டி அமையாது. நீ அடித்தொண்டைக்கு இறங்கும்போது ஒரு கரகரப்பு வரும் பாரு, அது எந்தப் பொட்டியிலயும் வராது, இதுல அப்படியே வருது. அந்தப் படகுப் பாட்டுல, உச்சிக்குப் போயி ஒரு நிமிசம் நிக்கியே..."

அங்கே நிறுத்திக்கொண்டார். அதற்குள் வாய் உளறியாகிவிட்டது.

"கேட்டிருக்கிய" என்றாள் பியூலா.

அவர் மிக்ஸி ஜாரைப் பார்த்தார்.

"எல்லாக் கச்சேரியுமா?"

"ஒண்ணுகூட விடல தாயி" என்றார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருவரைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. அவள் முகமோ கூட்டம் கலைந்த மைதானம் மாதிரி ஆகிவிட்டது.

"மைதானத்துல மேற்கே ஒரு பூவரசு நிக்கும்லா" என்றாள். "நீங்க வராம இருக்கமாட்டிய, மாமா கண்ணுல படாம அதுக்குப் பின்னால வந்து நின்னு பாத்துட்டுப் போவியன்னு நெனச்சேன். நெனச்சேன் என்ன, நிச்சயம்னே இருந்தேன். அந்த மரத்தப் பாத்துத்தான்பா ஒவ்வொரு பாட்டும் பாடுனேன். இப்ப நீங்க எல்லாம் கேட்டேன்னு சொல்லுதிய. அப்ப ஒரு நாளும் வரல."

குழாய்க்குள் இருந்த குருவி மட்டும் இரண்டு தடவை கத்தியது.

"பண்டிகைக் கச்சேரியோட நிப்பாட்டிக்கிறேன். திருப்பூர்ல வேலைக்குச் சொல்லியிருக்கு. பொட்டிய மாமா போதகருக்கே குடுத்துடட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அதற்குப்பின் அந்தப் பத்து நாளும் அவர் ஒரு மிக்ஸியையும் உருப்படியாகப் பூட்டவில்லை. ஒன்று பின்பக்கமாகச் சுற்றியது.

பண்டிகையன்று மத்தியானம் அசனம் முடிந்து ஊர் வீட்டுக்குப் போய்விட்டது, வயிறு நிறைந்து, படுத்துக்கொண்டு கேட்கத் தோதாக. நாலு மணி வெயிலில் சங்க மைதானத்தில் ஐந்நூறு நாற்காலி காலியாகக் கிடந்தன. பாண்டு ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது, முதல் பாட்டு தொடங்கியது. கோயில்பிள்ளைக்குக் கடையில் கேட்டது. *எடுத்த தண்ணிய கடலு கேக்குது.* அவர் எழுந்து சலவைச் சட்டையைப் போட்டார், கடையைப் பூட்டினார், நடந்தார். நடக்க நடக்கப் பாட்டு கூடவே வந்தது, மீன் மார்க்கெட் வரைக்கும் வந்தது, தபாலாபீஸ் வரைக்கும் வந்தது. வேப்பமரத்து முக்குக்கு வந்ததும் அவர் நின்றார். அதற்கு அந்தப்புறம் இல்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது பாட்டை அங்கேயே நின்று முழுசாகக் கேட்டார், தோளைத் தட்டி வழியனுப்புவதுபோல. பிறகு காலை எடுத்து வைத்தார். சத்தம் கத்தரித்ததுபோல நின்றது.

மைதானத்துக்குள் அவர் நுழைந்ததை முதலில் பார்த்தது நாய்கள். பிறகு ரெத்தினபாய், அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அங்கே உட்காரவில்லை. மேடையைப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் மகள் வளர்ந்துவிட்டாள் என்பது வீட்டில் தெரியாமல் போனது இங்கே தெரிந்தது. அவள் பூவரசு இருந்த பக்கமாகப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது பாட்டின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் கேட்கவில்லை.

வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது? அவர் நேரே மிக்ஸர் இருந்த மேசைக்குப் போனார். ஞானராஜ் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்குத் தலை நரைத்திருந்தது, அது கோயில்பிள்ளைக்குத் தெரியாது. "அத்தான்..." என்றான்.

கோயில்பிள்ளை ஓர் அடி தள்ளி நிற்கவுமில்லை, கைகாட்டவுமில்லை. குனிந்து, ஞானராஜின் மிக்ஸரில், ஞானராஜின் கைக்குப் பக்கத்தில், ஞானராஜின் பெரிய திருகைப் பிடித்து, அடி வரைக்கும் திருகி அணைத்துவிட்டார்.

கருப்புப் பெட்டிகள் விழுங்குவதை நிறுத்தின. ஆல்வினின் கிட்டார் ஈர்க்குச்சி உரசுகிறதுபோல ஆனது, மொய்தீன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான், அதற்கு நடுவே மெலிசாக, பெட்டி இல்லாமல், மைக் இல்லாமல், ஒரு பெண்ணின் குரல் மேடையிலிருந்து இறங்கி வந்தது. மிக்ஸர் மேசை வரைக்கும் வந்தது. அதற்குமேல் போகச் சக்தியில்லாமல் அங்கேயே நின்றது. பியூலா கண்ணைத் திறந்தாள். தன் குரல் தனக்குக் கேட்ட திகைப்பில் ஒரு வரியை விட்டுவிட்டாள். பிறகு மேசைக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். பிறகு விட்ட வரியிலிருந்து மறுபடி எடுத்தாள்.

ஞானராஜ் திருகையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தான், இதுக்கு நான் எத்தன வருசம் பேசாம இருக்கணும்?"

"அது உன் இஷ்டம்" என்றார் கோயில்பிள்ளை. "பதினாலு தாங்கமாட்ட. உடம்புக்கு ஆகாது."

ரெத்தினபாய் சிரித்த சிரிப்பு மேடை வரைக்கும் கேட்டது.

ஊருக்குள் பாட்டு பாதியில் அறுந்துபோக, படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். காதைத் தட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என்னவோ ஏதோ என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக மைதானத்துக்கு வந்து, ஆளுக்கொரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி, சத்தம் பத்தல! என்ன செட்டு இது?" என்று தபால்காரர் கடைசி வரிசையிலிருந்து கத்தினார்.

"அத நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று கோயில்பிள்ளை திருப்பிக் கத்தினார். "இப்ப நாற்காலிய முன்னால இழுத்துப் போடுல!"

ஐந்நூறு நாற்காலி தரையில் கீச்சிட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தன. அந்தச் சத்தம் அடங்கியதும் பியூலா படகுப் பாட்டை முதலிலிருந்து பாடினாள். உச்சிக்கு ஏறி, வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கப்போனபோது, அவள் சுதி ஒரு மயிரிழை விலகியது. கடையில் கேட்டபோது ஒருநாளும் விலகியதில்லை. கோயில்பிள்ளைக்கு அது தெளிவாகக் கேட்டது, நாற்பது வருஷத்துக் காது அது, தப்பாது. மறுநாள் காலையில் அவரும் ஞானராஜும் பெட்டி வாங்குவதற்காக ஒரே பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் சேர்ந்து காத்திருந்தபோதும், மரப்பெட்டியா இரும்புப்பெட்டியா என்று பஸ்ஸுக்குள் அடித்துக்கொள்ளாத குறையாகச் சண்டை போட்டபோதும், அதற்குப்பின் எத்தனையோ வருஷம் கழித்தும், அந்த ஒரு மயிரிழையைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை.